அப்புச்சி, கை!

13-6-99, ஞாயிறு

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகத் தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக இருந்தது. முதல் பக்கத்தில் கேட்டிருந்ததை எல்லாம் இன்றைக்குத்தான் நிரப்பினேன். பெயர்: சென்னியப்பன். வயது: 68. படிப்பு: அஞ்சாவது. ரத்தத்தின் வகை: சிவப்பு. அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய ஆள் என்று ஒரு கோடு போட்டிருந்தான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதக் காரணம், நான் டிவியில் வந்துவிட்டேன். ஆள் வரவில்லை, குரல் வந்தது.

தாராபுரத்தில் நாச்சிமுத்துவின் கேபிள் ஆபீசில் போன் எடுக்கிற வேலை எனக்கு. படம் தெரியவில்லை, கோடு கோடாக வருகிறது என்று ஊரே கூப்பிட்டுத் திட்டும். "டிவியத் தட்டிப் பாருங்கம்மிணி, அப்பவும் வரலீன்னா ஊட்டுக்காரரத் தட்டிப் பாருங்க" என்பேன். அதற்காகவே சில பொம்பளைகள் கூப்பிடுவார்கள்.

ஆபீசின் பின்னறையில் நீலத் துணி கட்டி ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருக்கிறார். இன்று அங்கே புது நிகழ்ச்சி. 'உலகம் உங்கள் வீட்டில்'. ஞாயிறு பதினொரு மணி, அரை மணி நேரம், நேரலை. இன்டர்நெட் என்கிறதைப் பற்றிச் சொல்லித் தருகிறார்களாம். நடத்துகிறவள் சுகந்தி, பஸ் ஸ்டாண்டு கம்ப்யூட்டர் சென்டர் டீச்சர், இருபத்துநாலு வயது. கேமராவைக் கம்ப்யூட்டருக்கு நேரே பிடித்தால் திரை மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தது. அவள் அசராமல் "உலகத்துல இருக்கற எல்லா ஊரும் இதுக்குள்ள இருக்குதுங்க" என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. கதவோரம் நின்றுகொண்டு, "ஏனம்மிணி, அத்தன ஊரும் உள்ள இருந்தா கக்கூசு எங்க கட்டியிருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன்.

மைக் அதைப் பிடித்துவிட்டது. அவள் சிரித்தாள் பாருங்கள், சொல்ல வந்தது மறந்து இரண்டு நிமிடம் சிரித்தாள்.

14-6-99, திங்கள்

தண்ணீர் வரவில்லை. பதினேழு பேர் போன் செய்து அந்தக் கிழவன் யார் என்று கேட்டார்கள். யாரோ வழிப்போக்கன் என்று சொன்னேன்.

20-6-99, ஞாயிறு

நாச்சிமுத்து சொல்லிவிட்டார். "பெரியவரே, நீங்களும் அந்தப் புள்ள பக்கத்துல ஒரு சேர் போட்டு உக்காருங்க. போனு உங்க கைகிட்டயே இருக்கட்டும். வாய மட்டும் அடக்கீராதீங்க."

போன் சமாசாரத்தை எழுத வேண்டும். ஆபீசில் ஒரே லைன். இன்டர்நெட் வருவதும் அதே லைனில்தான். மோடம் என்று ஒரு பெட்டி, விளக்கு எரிய எரியக் கீங் கீங் என்று கத்திக் கோயமுத்தூர் இன்டர்நெட் ஆபீசைப் பிடிக்கும். பிடித்தபின் யாராவது ரிசீவரைத் தூக்கினால் போச்சு, அறுந்துவிடும். இரண்டாவது லைன் வாங்கலாம் என்றால் நாச்சிமுத்து, "பெரியவருக்கு இருக்கறது ஒரு வாயி, ரெண்டு போனு எதுக்குங்க?" என்கிறார். அதனால் முதல் கால் மணி இன்டர்நெட், அடுத்த கால் மணி நேயர்களின் போன் என்று பிரித்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரியாது. முதல் கால் மணியிலேயே டீ சொல்ல ரிசீவரைத் தூக்கிவிட்டேன். அவள் பாதி திறந்து வைத்திருந்த லண்டன் அப்படியே நின்றுவிட்டது.

"அப்புச்சி!" என்று, அம்மாவைப் பெற்ற தாத்தாவை அழைக்கிற மாதிரி, கத்தினாள். "கைய எடுங்க அப்புச்சி! லைன் போச்சு!"

"போனா என்ன, லண்டன்ல நமக்கு யாரு சோறு வெச்சிருக்கா?"

மறுபடி பிடிக்க ஏழு நிமிடம் ஆனது. ஏழு நிமிடமும் நான் பேசினேன். ஊர் சிரித்ததாம்.

27-6-99, ஞாயிறு

இன்று வேண்டுமென்றே செய்தேன். ரிசீவரைத் தொடவில்லை. அவள் மும்முரமாக இருக்கும்போது கையை மெதுவாகப் போன் பக்கம் நகர்த்தினேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே, "அப்புச்சி, கை!" என்றாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து தடவை இப்படி.

மெஸ்ஸில் பரிமாறுகிறவன், நான் இரண்டாம் தடவை அப்பளத்துக்குக் கை நீட்டினபோது "அப்புச்சி, கை!" என்கிறான். ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

4-7-99, ஞாயிறு

எனக்கு நேரலையிலேயே ஒரு கடுதாசிப் பெட்டி திறந்து கொடுத்தாள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெட்டி. பூட்டு ஒரு ரகசிய வார்த்தை.

"யாருக்கும் சொல்லக் கூடாதுங்க அப்புச்சி. எங்கிட்டக் காதுல மட்டும் சொல்லுங்க."

"பொம்பளப் புள்ள காதுல ரகசியம் சொன்னா நாளைக்குப் போஸ்டர் ஒட்டீருவாங்க."

காதில் சொன்னேன். அவள் அடித்தாள். டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைக்கச் சொன்னாள், வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்து காட்டினாள். வந்த கடிதம்: 0.

"முப்பது நாளுக்கு ஒருக்காத் தெறக்கோணுங்க. இல்லீன்னா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சு போயிரும்."

"உள்ள என்ன இருக்குது அழியறதுக்கு? எறும்பு கூட இல்ல."

11-7-99, ஞாயிறு

கோயமுத்தூர் கிடைக்கவே இல்லை. இருபது தடவை கத்திவிட்டு மோடம் ஓய்ந்துவிட்டது. நாச்சிமுத்து கேமராவுக்குப் பின்னால் நின்று ஜாடை காட்டினார். அவள் டிராயரிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்துச் செருகினாள். போன வாரம் சேர்த்து வைத்த பக்கங்கள் அதில் இருக்கின்றன. டில்லியில் இன்று வெயில் எவ்வளவு என்று ஒரு பக்கம் வந்தது. இன்றைய வெயில் என்றே சொன்னாள்.

முடிந்ததும் ஃபிளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பொய் சொல்லீட்டேன் அப்புச்சி."

"டில்லிக்காரன் வந்து கேக்கவா போறான்?"

"என்னையப் பாத்துத்தான் நாலு பொண்ணுங்க சென்டருக்கு வருதுங்க. ஊருக்குத் தெரிஞ்சா அதுகளும் வராதுங்க. எங்கப்பா அடுத்த முகூர்த்தத்துலயே தாலிக்கு நாள் பார்த்திருவாரு. ஒரு வருசம் டைம் கேட்டிருக்கறனுங்க. டிவி இருக்கறவரைக்கும்தான் அந்த ஒரு வருசம்."

நான் யாருக்குச் சொல்லப் போகிறேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு வாயி ஒண்ணுதான் வேல செய்யுது, அது தெரியாதாக்கும்" என்றாள்.

22-7-99, வியாழன்

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்திருக்கிறேன். இன்டர்நெட் நிகழ்ச்சிக்கு முப்பத்தொரு தபால் கார்டு வந்திருக்கிறது. இருபத்தாறு எனக்கு. சுகந்திக்கு ஐந்து. அதில் மூன்றில் அப்புச்சி சுகமா என்று கேட்டிருக்கிறார்கள். அவளிடமே படித்துக் காட்டினேன். சந்தோஷமாகக் கேட்டாள். கொஞ்சம் எரிச்சல் பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

1-8-99, ஞாயிறு

நிகழ்ச்சி நன்றாக ஓடியது. லைன் அறுபடவில்லை. வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துக் கம்பு தோசை கொண்டுவந்தாள். பல் வலி இல்லாத பக்கமாக மெல்லச் சொன்னாள். என் பெட்டியைத் திறந்து பார்த்தோம். 0.

"யாராவது ஒருத்தர் போடுவாங்க, பாருங்க" என்றாள்.

டைரி முதல் பக்கத்தில் விட்டுப்போன கோட்டை நிரப்பினேன். பென்சிலில்தான்.

12-8-99, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை சுதந்திர தினம். சிறப்பு நிகழ்ச்சி, ஒரு மணி நேரம். மெட்ராஸிலிருந்து பெரிய டிவி கம்பெனி அம்மா ஒருத்தி நேரில் பார்க்க வருகிறாளாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பின்னறையில் நாச்சிமுத்துவும் சுகந்தியும் பேசினார்கள். நான் வெளியில் நாற்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"அப்ப மெட்ராஸ் போறது முடிவாயிருச்சா, அம்மிணி?"

"ஞாயித்துக்கெழம நல்லாப் போச்சுன்னா அங்கயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

"பெரியவருக்கு?"

"அய்யோ, அதுவரைக்கும் அப்புச்சிகிட்ட மூச்சு உடாதீங்க! கும்புடறேன்."

மூச்சு விடாதீர்களாம். நான் என்ன பிள்ளை பிடிக்கிறவனா. போகிறவள் போகட்டும், போய்ட்டு வர்றேன் அப்புச்சி என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்கிறதா. அறுபத்தெட்டு வருஷத்தில் என்னிடம் சொல்லிக்கொண்டு போனவர்கள் என்று எண்ணினால் ஒரு கை விரலே மிச்சம்.

ஆணியை அடித்து முடித்தேன். ரப்பர் எடுத்து முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை அழித்தேன். அது வெறும் பெயர்தான்.

13-8-99, வெள்ளி

பல் வலி. அவளைப் பார்த்து, "என்ன அம்மிணி, மூஞ்சி நெறையச் சிரிப்பு?" என்றேன். "ஞாயித்துக்கெழம தெரியும் அப்புச்சி" என்றாள். தெரியும் என்றேன்.

15-8-99, ஞாயிறு

காலையில் நாச்சிமுத்து ஆபீஸ் வாசலில் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். பல் வலியால் நான் சாப்பிடவில்லை.

மெட்ராஸ் அம்மா வந்தாள். மூக்குக் கண்ணாடி, குட்டை முடி, அதிகம் பேசவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சுகந்தி பச்சைச் சேலை கட்டியிருந்தாள். ஆரம்பிக்கும் முன்னால் என்னிடம், "இன்னைக்கு எல்லாமே நெசம் அப்புச்சி. பிளாப்பியத் தொடவே மாட்டேன்" என்றாள்.

முதல் தடவையிலேயே கோயமுத்தூர் கிடைத்துவிட்டது. அப்படி என்றைக்குமே கிடைத்ததில்லை. பத்து நிமிடம் உலகத்தையே சுற்றிக் காட்டினாள். நான் இரண்டு தடவை கையை நகர்த்தினேன். இரண்டு தடவையும் "அப்புச்சி, கை!" என்றாள். மெட்ராஸ் அம்மா சிரித்துவிட்டாள்.

பிறகு கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப ஒரு கடுதாசிப் பொட்டியத் தெறக்கப் போறோமுங்க. அது யாரோட பொட்டி, உள்ள என்ன இருக்குதுன்னு இப்பச் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க."

பக்கம் மேலிருந்து கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் ரிசீவர் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. அதை விரட்டத்தான் கையைக் கொண்டுபோனேன். ஈ பறந்துவிட்டது, ரிசீவர் கையோடு வந்துவிட்டது. ஒரு நொடிதான். திரும்ப வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பக்கம் பாதியில் நின்றது. மோடம் விளக்கு அணைந்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள். கிடைக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். மெட்ராஸ் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். நாச்சிமுத்து கேமராவுக்குப் பின்னால் நின்று டிராயரைக் காட்டினார். சுகந்தி மாட்டேன் என்று தலையாட்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காட்டினார். நேரலை, ஊரே பார்க்கிறது. அவள் டிராயரைத் திறந்தாள். டில்லி வெயில் வந்தது.

"இது... இப்ப டில்லியில..." என்று ஆரம்பித்தாள்.

என் வாய். பேசாமல் இருந்திருக்கலாம். மெட்ராஸ் அம்மா என்னைப் பார்த்தாள், ஏதாவது சொல்லேன் என்கிற மாதிரி இருந்தது.

"ஏனம்மிணி, ரயிலே இன்னும் கெளம்பல, நீ டில்லியில எறங்கீட்ட? வெளக்கு அணைஞ்சு கெடக்குது பாரு. டில்லிய மடிச்சுப் பிளாப்பிக்குள்ளயே வெச்சிருக்கறயா?"

கேமராக்காரன் குலுங்கிச் சிரித்ததில் படமே ஆடியது. மெட்ராஸ் அம்மா சிரிக்கவில்லை. எழுந்து வந்து மோடத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கேமரா அதையும் காட்டிக்கொண்டிருந்தது. "இது எந்தத் தேதிப் பக்கம்மா?" என்று கேட்டாள்.

சுகந்தி, "ஜூலைங்க" என்றாள்.

அப்புறம் என்னைப் பார்த்து, "அப்புச்சி" என்றாள். அவ்வளவுதான். கை என்று சொல்லவில்லை. நான் கைகளை மடியில்தான் வைத்திருந்தேன்.

கார் ஏறும்போது மெட்ராஸ் அம்மா, "லைன் கட்டானா கட்டாச்சுன்னு சொல்லியிருக்கலாமேம்மா. இதை எப்படி நான் எடுத்துட்டுப் போறது?" என்றாள். சுகந்தி "என் தப்புதாங்க" என்றாள். நாச்சிமுத்து ஜாடை காட்டியதை அவள் சொல்லவில்லை. நாச்சிமுத்துவும் சொல்லவில்லை.

மெஸ்ஸில் பாயசம் போட்டார்கள். ஏலக்காய் அதிகம்.

17-8-99, செவ்வாய்

டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். "என்னங்க அப்புச்சி, அந்த டீச்சரு ஊரையே ஏமாத்தீருச்சாமே?" என்று கேட்டார்கள். "யாரு, நம்ம பிளாப்பி டீச்சரா?" என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டர் சுவரில் சாக்குக்கட்டியால் அதையே பெரிதாக எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழை இல்லாமல்.

18-8-99, புதன்

பல்லைப் பிடுங்கிவிட்டேன். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். நாலு நாள் முன்பே வந்திருக்கலாம்.

22-8-99, ஞாயிறு

சுகந்தி வரவில்லை. நாச்சிமுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவருடைய மச்சான் தனபாலை உட்கார வைத்தார்கள். நிகழ்ச்சிக்குப் புதுப் பெயர்: 'அப்புச்சி, கை!' நான்தான் முக்கியம், கம்ப்யூட்டர் பக்கத்தில் சும்மா இருக்கும்.

கையை நகர்த்தினேன். தனபால் பார்க்கவில்லை. இருமினேன். அப்போதும் பார்க்கவில்லை. நாச்சிமுத்து பின்னாலிருந்து அவனுக்கு ஜாடை காட்டியபின், "ஆங், அப்புச்சி, கை" என்று படிக்கிற மாதிரி சொன்னான்.

போனில் ஒரு பெண் கேட்டாள்: "அந்த அக்கா எங்கீங்க?"

"பிளாப்பிக்குள்ள இருக்குது, தேடிப் பாருங்க" என்றேன். நிறையப் பேர் சிரித்ததாகச் சொன்னார்கள்.

27-8-99, வெள்ளி

கம்ப்யூட்டர் சென்டரில் இப்போது ஒரே ஒரு பெண்தான் படிக்கிறதாம். போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். அதையும் காணவில்லை. நாற்காலிகளைக் கவிழ்த்து மேசை மேல் வைத்திருந்தார்கள்.

3-9-99, வெள்ளி

மத்தியானம் சுகந்தி ஆபீசுக்கு வந்தாள். கையில் தாம்பாளம், மேலே கல்யாணப் பத்திரிகை. கூட அவள் அப்பன், ஸ்கூட்டரை நிறுத்தாமல் வாசலிலேயே முறுக்கிக்கொண்டிருந்தார்.

பத்திரிகையை வாங்கினேன். 13-9-99 திங்கள், காங்கயம். மாப்பிள்ளை வீட்டில் அரிசி மில்.

"மில்லுல கம்ப்யூட்டரு இருக்குதா அம்மிணி?"

"இல்லீங்க. அந்த ஊட்டுல பொம்பளைங்க மில்லுப் பக்கம் போறதில்லீங்களாம்."

"சரி, சோத்துக்குக் கவலையில்ல."

"ஆமாங்" என்றாள். வாசலில் ஹாரன் அடித்தது. "எம்மேல கோவமா அப்புச்சி?"

"எனக்கென்ன கோவம்?"

"என்னால உங்களுக்கும் தலக்குனிவு. நீங்க வெளையாட்டாத்தான் கேட்டீங்க, எனக்குத் தெரியுமுங்க. நான் பிளாப்பியத் தொட்டிருக்கக் கூடாது. அன்னைக்குன்னு பாத்து லைனு அறுந்துருச்சு. என்ற நேரம்."

"லைனுன்னா அறுந்துதான் போகும்" என்றேன்.

"உங்க பொட்டிய ஒருக்காத் தெறந்து பாருங்க அப்புச்சி. பதிமூணாந் தேதிக்குள்ள பாத்தர்ணும். அப்புறம் அழிஞ்சிரும்."

"எறும்பு வந்திருக்குதாக்கும்?"

எப்போதும் சிரிக்கிற இடம். குனிந்து காலைத் தொட்டாள். ஆசீர்வாதம் செய்ய வேண்டுமாம். தலையில் கை வைத்தேன். "நல்லாயிரு" என்றேன். ஸ்கூட்டர் போய்விட்டது. போய்ட்டு வர்றேன் அப்புச்சி என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

5-9-99, ஞாயிறு

நிகழ்ச்சி நடந்தது. தனபால் தூங்கி வழிந்தான்.

8-9-99, புதன்

பெட்டியைப் பார்க்கவில்லை. என்ன இருந்துவிடப் போகிறது.

13-9-99, திங்கள்

முகூர்த்தம் காலை ஆறு முதல் ஏழரை. வெள்ளை வேட்டி துவைத்து வைத்திருந்தேன். கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். காங்கயம் பஸ் வந்தது. கூட்டம். விட்டுவிட்டேன். அடுத்ததில் கூட்டம் இல்லை. அதையும் விட்டேன்.

பூக்கடை வீதியில் நூர்ஜஹான் என்கிற பெண் வீட்டு முன்னறையில் பிரவுசிங் சென்டர் திறந்திருக்கிறாள். வேட்டியும் சட்டையுமாக அங்கே போய் உட்கார்ந்தேன்.

"வாங்க டிவி அப்புச்சி! கல்யாணமா?"

"ஆமா, எனக்குத்தான். பொண்ணு உள்ள இருக்குது, தெறந்து பாரு."

டைரியின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அவள் வார்த்தையை அடித்தாள். பெட்டி திறந்தது. வந்த கடிதம்: 1. இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதியிருந்தது. நூர்ஜஹான் படிக்கப் படிக்க நான் இதில் எழுதிக்கொண்டேன், அழிந்துபோகும் என்கிறார்களே:

"அப்புச்சிக்கு. உங்க பொட்டிக்கு வர்ற மொதக் கடுதாசி இது. யாராவது ஒருத்தர் போடுவாங்கன்னு சொன்னேனில்ல. ஒரு சேதி. மெட்ராஸ் டிவியில என்னைய மட்டுந்தான் கூப்பிட்டாங்க. அப்புச்சி இல்லாம இந்த நிகழ்ச்சி இல்லீங்க, ரெண்டு பேருன்னா வர்றோம், இல்லீன்னா வேண்டாம்னு சொல்லீட்டேன். ஒரு வாரம் பதிலே இல்ல. எனக்குப் பயமாப் போச்சு. நேத்துக் கூப்பிட்டு ரெண்டு பேரும் வாங்கன்னுட்டாங்க. உங்களுக்குத் தங்க ரூமும் பாத்துட்டேன், மெஸ்ஸு பக்கத்துலயே. அங்க ஸ்டுடியோவுல ரெண்டு போன் லைன் இருக்குதுங்களாம். ஒண்ணு உங்களுக்கே. எத்தன தடவ வேணாலும் தூக்கிக்கலாம், நான் கத்தவே மாட்டேன். இத டிவியில எல்லாரு முன்னாலயும் படிச்சுக் காட்டறப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கோணும். எங்க, இப்ப ஒரு நக்கல் பண்ணுங்க பாக்கலாம். சுகந்தி. 14-8-99."

நூர்ஜஹான், "எவ்வளவு நல்ல விசயம்! அப்புறம் ஏன் போகல நீங்க?" என்றாள்.

அங்கே தண்ணீர் உப்பு என்றேன்.

பதில் போட வேண்டும் என்றேன். அவள் அடித்துத் தருவதாகச் சொன்னாள். வேண்டாம், நானே அடிக்கிறேன், நீ அந்தப் பக்கம் போ என்றேன். அஞ்சாவதில் படித்த எழுத்து. ஒவ்வொன்றையும் பலகையில் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் ஆனது. மொத்தமே எட்டு வார்த்தை. அதில் போன் என்று ஒரு வார்த்தை, நான் என்று ஒரு வார்த்தை. மற்றதை இங்கே எழுத வேண்டியதில்லை. காங்கயத்தில் அந்நேரம் பந்தி நடந்துகொண்டிருக்கும். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, அவள் பெட்டியையும் யாரும் திறக்கப் போவதில்லை. இருந்தாலும் அடித்தேன்.

அனுப்புகிற இடத்தை நூர்ஜஹான் காட்டினாள். அமுக்கினேன். அப்படியே நின்றுவிட்டது. மோடத்தைப் பார்த்தேன். விளக்கு இல்லை.

நூர்ஜஹான் மாமியார் இருக்கிற உள்பக்கம் திரும்பி, "மாமி! போன வைங்க மாமி! எத்தன தடவ சொல்றது!" என்று கத்தினாள்.

உள்ளேயிருந்து, "ஒரு நிமிசம் எடுத்தேன், அதுக்குள்ள என்ன குடி முழுகிப்போச்சு?" என்று குரல் வந்தது.

கட்டத்தில் அடித்திருந்தது எல்லாம் போய்விட்டது. "அய்யோ, சாரி அப்புச்சி. அஞ்சு நிமிசத்துல லைன் வந்திரும். மறுபடி அடிங்க, நானும் கூட அடிக்கறேன்" என்றாள்.

"பெரியம்மாவத் திட்டாத அம்மிணி. பாவம், ரிசீவர்ல ஈ உக்காந்திருக்கும்."

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

14-9-99, செவ்வாய்

தண்ணீர் வந்தது. இரண்டு குடம் பிடித்தேன். வெளியில் எங்கும் போகவில்லை.

19-9-99, ஞாயிறு

நிகழ்ச்சிக்கு நல்ல பெயர் என்று நாச்சிமுத்து குஷியில் இருக்கிறார். வியாழக்கிழமை இரண்டாவது லைன் போட்டுவிட்டார். மோடத்துக்குத் தனி, எனக்குத் தனி. புதுப் போன், சிவப்பு நிறம்.

தனபால் ஏதோ ஒரு ஊரைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டான். நான் கையை நகர்த்தினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ரிசீவரைத் தூக்கினேன். விளக்கு அணையவில்லை, பக்கம் நிற்கவில்லை. காதில் வைத்துக் கேட்டேன், ஙொய் என்று ஒரே சத்தம். நேரலை என்பது மறந்து வெகு நேரம் அப்படியே வைத்திருந்தேன் போலிருக்கிறது. புது விளையாட்டு என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

அறைக்கு வந்து ஆகஸ்டு பதினைந்தாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஈ என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் இடம் இல்லை.